பீடத்துணி மாற்றும்போது நடக்கும் தவறுகள்

வேலூரில் எங்கள் சபையின் பீடத்துணியை, அதாவது ஆலயப் பீடத்தின்மேல் விரிக்கும், பண்டிகைக்கும் காலத்துக்கும் ஏற்ப நிறம் மாறும் துணியை, மாற்றுவது பல வருடமாக என் வேலை. முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வெள்ளைத் துணியில் மெழுகு சொட்டியிருந்ததால் அதை எடுத்துவிட்டுப் பச்சையை விரித்தேன். எங்கள் போதகர் ஐயர் பார்த்துவிட்டு, "ஏம்மா, பண்டிகை அதுக்குள்ள முடிஞ்சிபோச்சா?" என்றார். கிறிஸ்துமஸ் ஒரு நாளோடு போவதில்லை. ஜனவரி 6, சாஸ்திரிகள் குழந்தை இயேசுவைக் கண்டதை நினைக்கும் பிரசன்னத் திருநாள் வரையாவது வெள்ளை இருக்க வேண்டும். (கத்தோலிக்கக் கோயிலில் இடையில் டிசம்பர் 26, 28 இரண்டு நாளும் சிவப்பு. 26 முதல் இரத்தசாட்சி ஸ்தேவானின் நாள், 28 ஏரோது கொன்ற குழந்தைகளின் நாள்.) ஈஸ்டர் வெள்ளையும் அப்படித்தான், ஐம்பதாம் நாளான பெந்தெகொஸ்தே வரும்வரை எடுக்கக்கூடாது.

பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு என்றதும் "யார் ரத்தம் சிந்தினார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. அது அன்று சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கியபோது தெரிந்த அக்கினி நாவுகளின் சிவப்பு.

அதிகம் குழப்புவது ஊதா. துக்க நிறம் என்று நினைத்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான ஆட்வென்டுக்கு விரிக்கத் தயங்குகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்தில் அது மனந்திரும்புதலுக்கு, ஆட்வென்டில் ஆயத்தத்துக்கு. குழப்பம் பழையதுதான். 1200ஐ ஒட்டி ரோமாபுரி வழக்கத்தை எழுதிவைத்த போப் மூன்றாம் இன்னசென்ட், வெள்ளை, சிவப்பு, பச்சை, கறுப்பு என நான்கைச் சொல்லி, ஊதாவைக் கறுப்போடு சேர்த்துவிட்டார். அப்புறம், லாங் பஜாரில் ஊதாத் துணி எடுக்கும்போது கடை ட்யூப்லைட்டை நம்பாதீர்கள். வாசல் வெயிலில் பிடித்துப் பாருங்கள். நான் ஊதா என்று வாங்கி வந்தது பீடத்தில் ஸ்கூல் யூனிஃபார்ம் நீலமாகக் கிடந்தது.

பெரிய வெள்ளிக்கு எங்கள் வீட்டிலேயே சண்டை. மருமகள் கத்தோலிக்கக் குடும்பம். "அத்தை, எங்க கோயில்ல சிவப்பு. நீங்க ஏன் கறுப்பு?" என்றாள். இரண்டும் சரி. அவர்களுக்கும் முன்பு கறுப்புதான். 1970இல் வந்த புதிய பூசைப் புத்தகத்தோடு சிவப்பாயிற்று. அடுத்த சபையைப் பார்த்து உங்கள் வழக்கத்தைத் தப்பு என்று முடிவு கட்டாதீர்கள்.

இந்தப் பக்கத்துச் சபைகள் பல, அமெரிக்கச் சீர்திருத்த சபையார் நடத்திய ஆற்காடு மிஷன் வழி வந்தவை. "இதெல்லாம் வேதத்தில் எங்கே இருக்கிறது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இல்லைதான், சபை வழக்கம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். வசனம் தேடி ஒட்டவைப்பதும் ஒரு தவறு.

கடைசியாகப் பச்சை. விசேஷமில்லாத காலத்துக்குத்தானே என்று மட்டமான துணி வாங்கிவிடுகிறார்கள். வருடத்தில் பாதிக்கு மேல் பீடத்தில் கிடப்பது அதுதான், ஜன்னல் வெயிலில் முதலில் வெளுப்பதும் அதுதான். இருக்கிற பணத்தில் நல்ல துணியை அதற்கே எடுங்கள்.