பனியில்லாத ஊரின் கிறிஸ்துமஸ் பாட்டு: நாங்கள் செய்த தவறுகள்

பெரம்பூரில் ரயில் பாதையை ஒட்டிய தெரு, மொட்டை மாடியில் ஒற்றை அறை. அங்கே நண்பர்கள் ஐந்து பேர் ஆண்டுக்கொரு கிறிஸ்துமஸ் பாட்டைப் பதிவு செய்கிறோம். பாதி கேலி, பாதி உருக்கம். தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர்கள் இருவர்தான். மற்ற மூவரும் கேக்குக்காகச் சேர்ந்தவர்கள்.

முதல் பாட்டில் பனி கொட்டியது, கலைமான் ஓடியது. கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். டிசம்பரில் நம் தெருவில் கொட்டுவது வடகிழக்குப் பருவமழை. கிறிஸ்துமஸ் தாத்தா சிவப்புக் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வருவார். அடுத்த ஆண்டு அதை அப்படியே எழுதினோம், பல்லவியிலேயே சிரித்துவிட்டார்கள்.

கருவி சம்பந்தமான தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்விசிறியை நிறுத்தாமல் பதிவு செய்யாதீர்கள். அந்த இரைச்சலைப் பிறகு நீக்கப் பார்த்தால் குரலும் சேர்ந்து தேயும். கைப்பேசியை ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். வெற்றுச் சுவர் எதிரொலிக்கும்; பழைய போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் பெருமளவு அடங்கும். சரணத்தின் உச்ச ஸ்வரத்தைப் பாடிப் பார்த்த பிறகே சுருதியை முடிவு செய்யுங்கள். துபாயில் இருக்கும் எங்கள் நண்பன் தன் பகுதியை வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினான். கிணற்றுக்குள்ளிருந்து பாடியது போல் வந்தது. ஒலிக்கோப்பை டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் குறையாது.

மெட்டு பழையதுதானே என்று இணையத்தில் கிடைத்த கரோக்கி இசையின் மேல் பாடுவது இன்னொரு தவறு. ஜேம்ஸ் பியர்பான்ட் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாட்டை வெளியிட்டது 1857-இல்; அந்த மெட்டு இன்று யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதை வாசித்துப் பதிந்தவரின் ஒலிப்பதிவுக்கு, இந்தியச் சட்டப்படி, வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. நாமே வாசித்துவிட்டால் வம்பில்லை. 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃபில் ‘சைலன்ட் நைட்’ முதன்முதலில் பாடப்பட்டபோது துணைக்கு இருந்தது ஒரு கிட்டார்தான். எங்களிடம் கூடுதலாக ஒரு டோலக் இருக்கிறது.

கேலிதான் உண்மையிலேயே கையைச் சுடும் இடம். ஒரு சரணம் முழுக்க ஒருவனின் சுருதி சேராத குரலைக் கிண்டல் செய்திருந்தோம். அறையில் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தவன், அடுத்த ஒத்திகைக்கு வரவில்லை. அதிலிருந்து, அவரவரைப் பற்றிய கிண்டல் வரியை அவரவரே எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். அவன் தன்னைப் பற்றி எழுதிக் கொண்டுவந்தது எங்களுடையதைவிட மூன்று மடங்கு மோசம், பத்து மடங்கு வேடிக்கை. இன்னொன்று: கேட்பவர் சிரிப்பதற்கு முன்பே பாடுகிறவர் சிரித்துவிட்டால் அந்த வரி செத்துப்போகும்.

கேலிக்கு ஒரு பாட்டு, உருக்கத்துக்கு ஒரு பாட்டு என்று பிரிக்கவும் பார்த்தோம். இரண்டுமே சப்பென்று இருந்தன. வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் செய்ததுதான் வெட்கம்: சாவு வீட்டில் பாடும் மரண கானாவில் நையாண்டியும் அழுகையும் ஒரே மூச்சில் வருவதைச் சிறு வயதிலிருந்து கேட்டவர்கள் நாங்கள்.

ஆண்டுதோறும் தூக்குவாளி நிறையக் கல்கல் என்னும் கிறிஸ்துமஸ் பலகாரத்தைக் கொண்டுவந்து, ‘பாடியது போதும், தின்னுங்கள்’ என்று அதட்டும் நண்பனின் அம்மா சென்ற ஆண்டு இல்லை. தாத்தாவின் நனைந்த தாடியைப் பற்றிய வரிக்கு அடுத்து அந்தத் தூக்குவாளியை வைத்தோம். மகன்தான் பாடினான். முதல் முறை பாடும்போது கடைசிச் சொல்லில் குரல் நின்றுவிட்டது; அந்த இடைவெளியில் மின்சார ரயிலின் ஹாரன். ஒழுங்காக வரட்டும் என்று மேலும் ஏழு முறை பாடவைத்தோம், எதிரொலிகூடச் சேர்த்தோம். எட்டையும் வரிசையாகக் கேட்டுவிட்டு, ஹாரனோடு இருந்த முதல் பதிவையே வைத்துக்கொண்டோம். நல்ல வேளை, அதை அழிக்கும் தவறை மட்டும் நாங்கள் செய்யவில்லை.