பெரிய பேட்டரி 76 சதவீதம், ஆனாலும் கதவு திறக்கவில்லை

முதல் நாள் இரவு என் மின்சாரக் காரை நிறுத்தியபோது திரையில் பேட்டரி 76 சதவீதம் காட்டியது. மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு ரிமோட்டை அழுத்தினேன், சத்தமே இல்லை. விளக்கு மினுக்கவில்லை, கதவும் திறக்கவில்லை. ரயிலுக்கு ஐம்பது நிமிடம்தான் இருந்தது. ரிமோட்டில்தான் கோளாறு என்று நினைத்து வீட்டுக்குள் ஓடி இன்னொரு ரிமோட்டைத் தேடியதில் பத்து நிமிடம் போனது. அதற்கும் கார் அசையாதபோதுதான் உறைத்தது: படுத்துக்கொண்டது 12 வோல்ட் பேட்டரி.

மின்சாரக் காரில் பேட்டரி இரண்டு. அடியில் இருக்கும் பெரியது காரை ஓட்டுகிறது. பெரும்பாலான கார்களில் 400 வோல்ட்டை ஒட்டி, சிலவற்றில் 800. சின்னது பெட்ரோல் காரில் இருப்பதைப் போன்ற 12 வோல்ட். கதவுப் பூட்டு, திரை, கம்ப்யூட்டர்கள் எல்லாம் சின்னதை நம்பித்தான் இருக்கின்றன. பெரிய பேட்டரிக்கும் காருக்கும் நடுவே கான்டாக்டர் என்றொரு கனத்த சுவிட்ச் உண்டு. காரை அணைத்ததும் அது பாதுகாப்புக்காகத் திறந்துகொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். மறுபடி அதை மூடி இணைக்க 12 வோல்ட் வேண்டும். பெட்டி நிறையப் பணம், சாவியோ பெட்டிக்குள்ளேயே, அந்தக் கதைதான். சார்ஜரைச் செருகினால் சரியாகிவிடும் என்று நானும் செருகிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சார்ஜரோடு பேசுவதற்கே கார் முதலில் விழிக்க வேண்டுமே.

பெட்ரோல் கார் இந்த விஷயத்தில் நல்லது. நாலு நாள் முன்பே ஸ்டார்ட் ஆகும்போது இழுத்து இழுத்து முனகிக் காட்டும். மின்சாரக் காரில் ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. சின்ன பேட்டரியிடம் யாரும் பெரிய வேலை கேட்பதில்லை என்பதால் அது நலிந்துபோனது வெளியே தெரிவதே இல்லை. சில கார்கள் திரையில் எச்சரிக்கை தரும், என்னுடையது தரவில்லை.

சரி, உள்ளே போவது எப்படி? பெரும்பாலான ரிமோட்டுகளுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். பக்கவாட்டில் இருக்கும் கொக்கியைத் தள்ளினால் வெளியே வரும். ஓட்டுநர் கதவுப் பிடியின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதன் பின்னால் சாவித் துவாரம். என் காரில் அந்த மூடியைக் கீழிருந்து நெம்ப வேண்டும் என்று தெரியாமல் நகம் ஒன்று போனது. இதைப் படித்து முடித்ததும் உங்கள் காரில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். எல்லாக் காரிலும் துவாரம் இருக்காது. உதாரணமாக, டெஸ்லா மாடல் 3-ல் முன் பம்பரில் இழுவைக் கொக்கிக்கான மூடிக்குள் இரண்டு ஒயர்கள் இருக்கும். அவற்றுக்கு வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் முன் பானட் திறக்கும். திறக்கத்தான் செய்யும், பேட்டரி அதனால் ஏறாது.

அடுத்து என் முட்டாள்தனம். படுத்த பேட்டரிக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கும் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன், டிக்கியில். அந்த டிக்கி மின்சாரத்தில் மட்டுமே திறக்கும். பின் இருக்கையைச் சாய்த்து, அதன் மேல் குப்புறப் படுத்து, கையை நீட்டித் துழாவி எடுத்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு.

பானட்டைத் திறக்கும் நெம்புகோல் என் காரில் கம்பியால் இழுபடுவது, அதனால் சிக்கல் இல்லை. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள்கள் தெரியும். அவை உயர் வோல்ட், தொடவே வேண்டாம். சின்ன பேட்டரியில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 7.4 வோல்ட். என்னுடையதைப் போன்ற ஈய பேட்டரி முழுதாக இருந்தால், சும்மா இருக்கும்போது 12.6-க்கு மேல் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி. 11.8-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம்.

இணைப்பது பெட்ரோல் காருக்குச் செய்வது போலத்தான். சிவப்பை பிளஸ்ஸில். கறுப்பை மைனஸ் முனையில் மாட்டாமல், பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், கையேடு காட்டும் எர்த் போல்ட்டில் மாட்டுவது நல்லது. பொறி பறந்தாலும் பேட்டரிக்கு எட்டத்தில் பறக்கும். இன்னொரு காரிலிருந்து எடுப்பதானால்: சிவப்பு முதலில் படுத்த பேட்டரிக்கு, பிறகு நல்ல பேட்டரிக்கு, கறுப்பு முதலில் நல்ல பேட்டரிக்கு, கடைசியாகப் படுத்த காரின் எர்த்துக்கு. கழற்றும்போது தலைகீழாக. எஞ்சினைச் சுழற்ற வேண்டியதில்லை என்பதால் கொஞ்சம் கரண்டே போதும். கம்ப்யூட்டர்கள் விழித்து கான்டாக்டர் 'டக்' என்று விழுந்தால் நம் வேலை முடிந்தது.

முதல் தடவை எனக்கு விழவில்லை. திரை ஒரு விநாடி மின்னி அணைந்தது. அடியோடு இறங்கிய பேட்டரி, கொடுப்பதையெல்லாம் தானே குடித்துவிடும். ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தினேன். 'டக்' என்று விழுந்தது, 'ரெடி' விளக்கு எரிந்தது. அந்தச் சத்தத்தை அவ்வளவு ஆசையாக அதற்கு முன் கேட்டதில்லை.

இங்கேதான் ஒரு முக்கியமான சோதனை. ரெடியில் இருக்கும்போது, ஜம்ப் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு மறுபடி மீட்டரை வையுங்கள். பெட்ரோல் காரில் எஞ்சின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் மின்சாரக் காரில் இல்லை. பெரிய பேட்டரியிலிருந்து எடுத்துச் சின்னதுக்கு ஊட்டுவது டிசி-டிசி கன்வெர்ட்டர். 13.5-லிருந்து 14.8-க்குள் காட்டினால் அது வேலை செய்கிறது. எனக்கு 14.1. பன்னிரண்டிலேயே நின்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால் கோளாறு பேட்டரியில் இல்லை. அந்த நிலையில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், நடுவழியில் மறுபடி படுத்துவிடும். சரியாக இருந்தால் உடனே அணைத்துவிடாமல் ஒரு மணி நேரமாவது ரெடியில் விடுங்கள், அல்லது ஓட்டுங்கள்.

செய்யக் கூடாதவை சில. உங்கள் மின்சாரக் காரை வைத்து அடுத்தவர் பெட்ரோல் காரை ஸ்டார்ட் செய்யப் போகாதீர்கள். ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். பெரும்பாலான கையேடுகள் வேண்டாம் என்றே சொல்கின்றன. பின்னாலிருந்து தள்ளிப் பார்ப்பதும் வீண்: 12 வோல்ட் இல்லாமல் பார்க்கிங் பிரேக் விடாது, நியூட்ரலும் விழாது. கட்டி இழுக்காமல் வண்டி மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சில புதிய கார்களில் சின்ன பேட்டரியும் லித்தியம். அதற்கு ஈய பேட்டரி சார்ஜரை மாட்டக் கூடாது.

ரயில் போய்விட்டது. அன்று மாலை நிதானமாகக் காரணத்தைத் தேடினேன். கார் நின்றிருந்தாலும் பதிவு செய்யட்டும் என்று டேஷ்கேமை, அதாவது முன் கண்ணாடியில் மாட்டும் கேமராவை, எப்போதும் கரண்ட் இருக்கும் ஃபியூஸில் கொடுத்திருந்தேன், அது ஒன்று. சார்ஜ் எவ்வளவு என்று மொபைல் செயலியில் அடிக்கடி எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு பார்வைக்கும் கார் விழித்து எழுகிறது, அது இரண்டு. மூன்றாவது, பேட்டரிக்கு நாலரை வயது. ஒருமுறை அடியோடு இறங்கிய ஈய பேட்டரி பெரும்பாலும் பழைய தெம்புக்கு வராது. முழுதாக ஏற்றிப் பார்த்தேன், மறுநாள் காலை 12.1. மாற்றிவிட்டேன்.

மாற்றுவதற்குமுன் கையேட்டைப் பாருங்கள். சில கார்களில் அதற்குத் தனி வரிசை உண்டு. நான் செய்தது: காரை அணைத்து, சாவியை எட்டத்தில் வைத்து, கார் தூங்கும்வரை பொறுத்தேன். பானட் திறந்தே இருக்கட்டும், கண்ணாடி ஒன்று இறங்கியிருக்கட்டும். பத்து நம்பர் ஸ்பேனரால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில். ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருக்கும் ஈய பேட்டரி) வகை இருந்த இடத்தில் ஏஜிஎம்மே போடுங்கள். மைனஸ் முனையில் சின்ன சென்சார் இருந்தால் அதை நெம்பாமல் மெல்லக் கழற்றுங்கள்.

புதியது போட்டபின் ஜன்னல்கள் தானாக ஏற மறுத்தன. ஒவ்வொன்றையும் முழுக்க ஏற்றி, பட்டனைச் சில விநாடி பிடித்தபடி இருந்தேன், அவற்றுக்கு நினைவு வந்துவிட்டது. டேஷ்கேம் இப்போது கார் ஓடும்போது மட்டும்தான் ஓடுகிறது. ஜம்ப் ஸ்டார்ட்டர் முன் இருக்கைக்கு அடியில்.