பொதுமைய வட்டம்: வாசலில் வரைந்தே பழகலாம்

கேரம் போர்டின் நடுவைப் பாருங்கள். சிவப்புக் காய் வைக்கும் 3.18 செ.மீ. விட்டமுள்ள சின்ன வட்டம், அதைச் சுற்றி 17 செ.மீ. விட்டத்தில் பெரிய வட்டம். அளவு வேறு, மையம் ஒன்றே. இவைதான் பொதுமைய வட்டங்கள். ஒற்றை வட்டத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. குறைந்தது இரண்டு வட்டங்கள் வேண்டும். ஒரே மையம் கொண்ட சதுரங்களையும் பொதுமையச் சதுரங்கள் எனலாம்.

முறுக்கைப் பலரும் இதற்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். அது சரியில்லை. விரலால் தடவிப் பாருங்கள், ஒரே கோடு சுற்றிச் சுற்றி வெளியே வரும். அது சுருள். பொதுமைய வட்டங்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

முதலில் தாளில். O என்று ஒரு புள்ளி வைத்து, கவராயத்தை 3 செ.மீ. விரித்து வட்டம் போடுங்கள். அதே துளையில் முள்ளை வைத்து 5 செ.மீ. விரித்து அடுத்தது. நடுவில் 2 செ.மீ. அகலத்தில் வட்ட வளையம் கிடைக்கும். அதன் பரப்பு π(5² − 3²), அதாவது 16π ச.செ.மீ. தாளுக்கு அடியில் பழைய நோட்டு ஒன்றை வையுங்கள். மேசையின் மேல் முள் வழுக்கினால் மையமே நகர்ந்துவிடும்.

அப்புறம் வாசல். மார்கழியில் மயிலாப்பூர்ப் பக்கம் பெரிய வட்டக் கோலங்களைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் நானும் இதைப் பழகினேன். அபார்ட்மென்ட் சிமென்ட் தரையில் ஆணி இறங்காது. அதனால் ஒருவர் நடுவில் பென்சிலை நட்டுக்குத்தாகப் பிடிக்க வேண்டும். நூலின் முனையை அதில் தளர்வான வளையமாக மாட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் நூல் பென்சிலைச் சுற்றிக்கொண்டு ஆரம் குறையும்; கோடு தொடங்கிய இடத்தில் வந்து சேராது. நூலில் 1, 1½, 2 அடியில் முடிச்சுப் போட்டு, முடிச்சில் சாக்பீஸைச் சேர்த்துப் பிடித்து, நூல் தொய்யாமல் சுற்றி வாருங்கள். சின்ன வட்டத்திலிருந்து தொடங்குவதுதான் என் வழக்கம். வெளியே நகர்ந்துகொண்டே போகலாம், போட்ட கோட்டை மிதிக்க வேண்டாம்.

முடித்ததும் நான்கு பக்கமும் இடைவெளியை அளந்து பாருங்கள். எங்கும் அரை அடி இருந்தால் சரி. ஒரு பக்கம் குறுகி எதிர்ப்பக்கம் அகன்றிருந்தால் பென்சில் நகர்ந்திருக்கிறது. ஈரத்துணியால் அந்த வட்டத்தை மட்டும் துடைத்துவிட்டு, மாவைத் தொடும் முன்பே திருத்திவிடுங்கள்.