லைட் நாவலையும் அனிமேயையும் ஒப்பிடப் போய் நான் வாங்கிய அடிகள்

போன மாதம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். பைக்குள் மூன்று புத்தகங்கள், மூன்றும் ‘ஒரெகைரு’. ‘என் இளமைக் காதல் காமெடி நினைத்தபடியே தப்பாகத்தான் போகிறது’ என்கிற மாதிரி நீளும் ஜப்பானியத் தலைப்பை ரசிகர்கள் சுருக்கிக் கூப்பிடுகிற பெயர் அது. இளைஞர்களுக்காகத் தொகுதி தொகுதியாக வரும் ஜப்பானிய ‘லைட் நாவல்’ வகை; அதையே அனிமேயாகவும், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடராகவும், எடுத்திருக்கிறார்கள். அவன் வாங்கியிருந்தது 12, 13, 14ஆம் தொகுதிகள்.

“அனிமேல ரெண்டு சீசன் முடிச்சாச்சு மாமா. அது பதினொன்னாம் தொகுதி வரைக்கும் வருதாம். மிச்சம் மூணையும் படிச்சிட்டு, மூணாவது சீசனையும் பார்த்து, ஒப்பிட்டு எழுதப் போறேன்.”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தேன், வேறொரு கதையில். இவனைப் போல நாலைந்து பேர் தாங்கள் எழுதிய ஒப்பீடுகளை என்னிடம் காட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் என் பழைய கட்டுரையின் வாசனை அடிக்கிறது. பெயரைத் தப்பாக எழுதுவது, எபிசோட் எண் மாறிப்போவது மாதிரி சின்னச் சறுக்கல்களை இங்கே விட்டுவிடுகிறேன். அதெல்லாம் இரண்டாம் தடவை படித்தால் தானாகக் கண்ணில் படும்.

வெட்டியதை எண்ணிக்கொண்டிருப்பது

முதன்முதலில் ஒப்பிடுகிறவர்கள் கையில் ஒரு நோட்டு இருக்கும். ‘இந்த வசனம் இல்லை, அந்தக் காட்சி இல்லை’ என்று எழுதிக்கொண்டே போவார்கள். நானும் நோட்டு போட்டவன்தான்.

ஒரெகைருவின் கதையைச் சொல்வது ஹாச்சிமான் ஹிகிகாயா. சிபாவில் ஒரு உயர்நிலைப் பள்ளி, அதில் நண்பர்களே இல்லாத பையன். இளமை என்பதே பொய், அது தீமை என்று கட்டுரை எழுதி ஆசிரியையிடம் மாட்டிக்கொண்டு, தண்டனையாக ‘சேவை மன்றம்’ என்ற ஒரு கிளப்பில் சேர்க்கப்படுகிறான். அங்கே ஏற்கெனவே இருப்பவள் யுகினோ. பிறகு வந்து சேர்பவள் யுய். நாவல் முழுக்க அவன் தலைக்குள் ஓடும் பேச்சு. ஒரு ஆள் ‘வணக்கம்’ சொன்னால் அதற்கு அரைப் பக்கம் விளக்கம் வைத்திருப்பான். அனிமேயில் அந்த அரைப் பக்கத்துக்கு இடம் கிடையாது. எண்ண ஆரம்பித்தால் நோட்டு போதாது.

எண்ணுவதற்குப் பதில், வெட்டிய இடத்தில் என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். 9ஆம் தொகுதியில் ஒரு இடம் வருகிறது, அனிமேயில் இரண்டாம் சீசனின் 8ஆவது எபிசோட். கிளப் அறையில், யுகினோ, யுய் இருவர் முன்னால், ஹாச்சிமான் முதல் தடவையாக உடைந்துபோய், தனக்கு வேண்டியது ‘அசலானது’ ஒன்று என்கிறான். நாவலில் அந்த ஒரு வரிக்கு முன்னால் நீளமாகத் தனக்குள் பேசுகிறான்: புரிந்துகொள்ள வேண்டும், தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்துகொண்டு நிம்மதியாக இருக்க வேண்டும் என்று. அனிமே அதில் ஒரு துளியை வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் குரல் நடிகர் தகுயா எகுச்சியின் தொண்டையில் விட்டுவிடுகிறது. அந்தக் குரல் கரகரத்து உடைகிற இடத்தில் நாவலின் பாதிப் பக்கம் இருக்கிறது. என் பழைய நோட்டில் இந்தக் காட்சிக்கு நேராக ‘மோனோலாக் கட்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன்.

அனிமே விட்ட இடத்திலிருந்து நாவலை எடுப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் கிளப்பும் தவறு. ‘அனிமே எந்தத் தொகுதி வரை போகிறது? அடுத்தது எது வாங்கட்டும்?’ என்று யாராவது கேட்டால், உடனே ஒரு எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டவர் போய் வாங்கிவிடுகிறார். பணம் போய், நேரம் போய், கடைசியில் ‘நாவல் ஒன்றும் பெரிதாக இல்லை’ என்ற அபிப்பிராயத்தோடு திரும்பி வருகிறார்.

நான் விழுந்தது ‘ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்’ என்ற குழியில். ஊர் ஊராகப் போய் வணிகம் செய்யும் லாரன்ஸ், அவன் வண்டியில் ஏறிக்கொள்ளும் ஓநாய் தேவதை ஹோலோ. நாவல் 2006 முதல் 2011 வரை 17 தொகுதிகளாக வந்தது. அனிமேயின் முதல் சீசன் 2008இல், இரண்டாவது 2009இல். இரண்டாம் சீசன் 5ஆம் தொகுதியில் முடிகிறது என்று கேள்விப்பட்டேன். சரி என்று 6ஆம் தொகுதியிலிருந்து வாங்கி வரிசையாகப் படித்துக்கொண்டு போனேன். கடைசித் தொகுதிகளில் எல்சா என்று ஒரு பெண் வருகிறாள். லாரன்ஸும் ஹோலோவும் அவளிடம் பழைய பழக்கம் போலப் பேசுகிறார்கள். யாரிவள்? எனக்குக் கோபம் வந்தது. ‘முக்கியமான பாத்திரத்தை அறிமுகமே செய்யாமல் உள்ளே தள்ளுகிறார் ஆசிரியர்’ என்று ஒன்றரைப் பக்கம் எழுதி நாலு பேருக்கு அனுப்பினேன்.

அதில் ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டார்: “நாலாம் தொகுதி படிச்சீங்களா தம்பி?”

அந்த இரண்டாம் சீசன் 3ஆம் தொகுதியையும் 5ஆம் தொகுதியையும்தான் எடுத்திருந்தது. நடுவில் 4ஆம் தொகுதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். எல்சா அந்த 4ஆம் தொகுதியின் ஆள். ‘5 வரை வந்திருக்கிறது’ என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு பல் விழுந்திருப்பதை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இத்தோடு முடிந்திருந்தால் 4ஐ மட்டும் வாங்கி ஓட்டையை அடைத்திருப்பேன். அப்புறம் சந்தேகம் வந்து 1ஆம் தொகுதியை எடுத்தேன். அனிமேயில் லாரன்ஸுக்குப் பழக்கமான குளோயி என்ற இளம்பெண் வருவாள், ஹோலோவின் கிராமத்துக்காரி. நாவலில் அவளே கிடையாது. அந்த இடத்தில் இருப்பது யாரெய் என்ற ஆண். ஒரு ஆளை மாற்றினால் அந்தக் கிராமத்துக்கும் லாரன்ஸுக்கும் உள்ள உறவின் நிறமே மாறிவிடுகிறது. ஹோலோவுக்குப் போட்டி மாதிரி ஒருத்தி நிற்பதும், கிராமத்து ஆள் ஒருவன் நிற்பதும் ஒன்றா? 2024இல் மறுபடி எடுத்த அனிமேயில் யாரெய் திரும்பி வந்துவிட்டான். நான் 1ஆம் தொகுதியை எடுக்கும் முன் படித்த தொகுதிகளில் எல்லாம் குளோயியை மனதில் வைத்துக்கொண்டே லாரன்ஸை எடைபோட்டிருந்தேன்.

ஒரெகைருவில் இதே தவறு வேறு விதமாகக் கடிக்கும். அங்கே தொகுதி எதுவும் தாண்டப்படவில்லை. 2013இன் முதல் சீசன் முதல் ஆறு தொகுதிகள், 2015இன் இரண்டாம் சீசன் 7 முதல் 11 வரை, 2020இன் மூன்றாம் சீசன் 12 முதல் 14 வரை. கணக்கு நேராக இருக்கிறது, அதுதான் பொறி. வேகத்தைப் பாருங்கள். முதல் சீசனில் ஒரு தொகுதிக்கு இரண்டு எபிசோட் சொச்சம். மூன்றாம் சீசனில் நான்கு. ஹாச்சிமானின் குரல் நமக்குப் பழக வேண்டிய ஆரம்பத் தொகுதிகள்தான் அனிமேயில் மிகவும் நசுங்கியிருக்கின்றன. அனிமேயில் அவனைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறோம். அவன் தலைக்குள் குடியிருந்ததில்லை.

நாவலில் பதினொரு தொகுதி குடியிருந்தவருக்கு ஒன்று தெரியும்: இந்தப் பையன் நம்மிடம் பொய் சொல்கிறான். தனக்கே சொல்லிக்கொள்கிறான். ‘எனக்கு அதில் ஒன்றுமில்லை’ என்று மூன்று வரி எழுதினால் அங்கே அவனுக்கு எல்லாமே இருக்கிறது என்று அர்த்தம். கியோட்டோ சுற்றுலாவில், மூங்கில் பாதையில், வகுப்புத் தோழன் தோபே எபினா என்ற பெண்ணிடம் காதலைச் சொல்ல வாயெடுக்கும் முன் இவன் முந்திக்கொண்டு அவளிடம் போலியாகக் காதல் சொல்லும் இடம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அனிமேயில் கேமரா நினைத்தால் யுகினோவின் முகத்துக்கும் யுய்யின் முகத்துக்கும் போகலாம். நாவலில் அவன் பார்த்தால்தான் நாம் பார்க்க முடியும். பார்க்காத மாதிரி அவன் நடித்தால் நாமும் இருட்டில்தான் நிற்க வேண்டும்.

என் மருமகன் 12ஆம் தொகுதியோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வந்தான்.

“மாமா, இந்த இடத்துல யார் பேசறது? ஹாச்சிமானா?”

விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். கடைசித் தொகுதிகளில் அத்தியாயங்களுக்கு நடுவே சின்னச் சின்ன இடைப்பகுதிகள் வரும். ‘நான்’ என்றுதான் எழுதியிருக்கும், பேசுவது ஹாச்சிமான் இல்லை. யார் என்று பெயர் போட்டிருக்காது. அவன் குரலிலேயே ஊறிப்போனவருக்கு இரண்டாவது வரியிலேயே உடம்பு சிலிர்க்கும், இது வேறு ஆள் என்று. இவனுக்கு எல்லாம் ஒரே குரலாகக் கேட்டிருக்கிறது. கட்டுரையில் ‘ஹாச்சிமான் திடீரென்று மென்மையாகப் பேசுவது நம்பும்படி இல்லை’ என்று குறித்தும் வைத்திருந்தான். யுய்யின் மனதைப் படித்துவிட்டு ஹாச்சிமானைத் திட்டியிருக்கிறான். எல்சா விஷயத்தில் நான் செய்ததற்கு இவன் செய்தது ஒன்றும் குறைவில்லை.

ஆகவே 1ஆம் தொகுதியிலிருந்தே தொடங்குங்கள். பார்த்த கதைதானே என்று தோன்றும், தோன்றட்டும்.

மொழிபெயர்ப்பின் குற்றத்தை ஆசிரியர் தலையில் போடுவது

நம்மில் பலர் படிப்பது ஆங்கில மொழிபெயர்ப்பு, பார்ப்பது ஜப்பானியக் குரல். இரண்டையும் வைத்து ‘நாவலில் சிரிப்பு வரவில்லை’ என்று எழுதிவிடுகிறோம்.

ஒரெகைருவின் கிறிஸ்துமஸ் விழாப் பகுதியில் இன்னொரு பள்ளியின் மாணவர் தலைவன் தமனாவா வருவான். வாயைத் திறந்தால் ‘லாஜிக்கல் திங்கிங்’, ‘வின்-வின்’, ‘பிரெய்ன்ஸ்டார்மிங்’. ஜப்பானிய வாக்கியத்துக்குள் அந்த ஆங்கிலச் சொற்கள் துருத்திக்கொண்டு நிற்பதுதான் நகைச்சுவை. ஆங்கில வாக்கியத்துக்குள் ஆங்கிலச் சொல் எங்கே துருத்தும்? மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு முட்டினாலும் கொஞ்சம் செத்துத்தான் போகும். அனிமேயில் அதைக் காதால் கேட்கிறோம். ஆபீஸ் மீட்டிங்கில் ‘இதை ப்ரோஆக்டிவா லெவரேஜ் பண்ணணும்’ கேட்டுப் பழகிய நமக்கு சப்டைட்டிலே வேண்டாம்.

கலை விழாவுக்கு ஹாச்சிமான் எழுதித் தரும் வாசகமும் அப்படி. மனிதன் என்பதற்கான ஜப்பானிய எழுத்து இரண்டே கோடு, ஒன்றை ஒன்று தாங்கி நிற்கிறது என்று அங்கே பள்ளியில் சொல்லித் தருவார்கள். இவன், உற்றுப் பார்த்தால் ஒரு கோடு சொகுசாகச் சாய்ந்துகொண்டிருக்கிறது என்கிறான். வேலை முழுவதையும் யுகினோ தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் திரிந்துகொண்டிருந்த குழுவின் முகத்துக்கு நேராக. அந்த எழுத்தைக் கண்ணால் பார்க்காமல் இந்த நகைச்சுவையை எடைபோடாதீர்கள்.

‘அந்த அனிமே’ என்று ஒருமையில் பேசுவது

ஒரெகைருவின் முதல் சீசன் ப்ரெய்ன்ஸ் பேஸ் ஸ்டுடியோ, அடுத்த இரண்டும் ஃபீல். இயக்குநர் மாறினார், முகங்கள் வரையும் விதம் மாறியது. எந்தச் சீசனைச் சொல்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.

தேதி பார்க்காமல் ‘முடிவைக் கெடுத்துவிட்டார்கள்’ என்பது

‘தோரதோரா’ என்ற இன்னொரு லைட் நாவலின் பத்தாவதும் கடைசியுமான தொகுதி 2009 மார்ச்சில் வந்தது. 25 எபிசோட் ஓடிய அனிமே முடிந்ததும் அதே மார்ச்சில். அச்சில் இருக்கும் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய முடிவு அது இல்லை. ஒரெகைருவிலும் இரண்டாம் சீசன் 2015 ஜூனில் முடிந்தபோது 11ஆம் தொகுதிக்கு மை காயவில்லை. 12ஆம் தொகுதிக்கு 2017 வரை காத்திருந்தோம்.

6.5, 7.5, 10.5

ஒரெகைருவில் இந்த எண்கள் அச்சுப்பிழை இல்லை, அதுவும் தொகுதிகள்தான்.

கடைசியில் ஹாச்சிமான் யாரோடு சேர்கிறான் என்று முன்கூட்டிக் கேட்பது

கேட்காதீர்கள். என்னிடம் கேட்டால் தப்பான பெயர்தான் சொல்வேன்.

மருமகன் இப்போது 3ஆம் தொகுதியில் இருக்கிறான். 12, 13, 14 மூன்றையும் அவனிடமிருந்து வாங்கி என் அலமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி செய்தி அனுப்பியிருந்தான்: “மாமா, இவன் பொய் சொல்றான்ல?”