"அவரே இல்லை, எனக்கு எதற்குப் பரிசோதனை?"

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்லிக் குடும்பநல உத்தியோகத்தர் படலையடியில் நின்று கேட்கும்போது, ஐம்பதை நெருங்கும் பெண்கள் பலர் சொல்லும் பதில் இது: "அவர் போய்ப் பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது பிள்ளை. எனக்கு எதற்கு இது?" வன்னியில் இந்தப் பதிலுக்குப் பின்னால் 2009 இன் இறுதிப் போர் நிற்கிறது. அதனால் மறுத்துப் பேச வாய் வராது. ஆனாலும் மறுக்கத்தான் வேண்டும்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் காரணம், உடலுறவு வழியே தொற்றும் மனித பப்பிலோமா வைரஸ். தொற்றிய பெரும்பாலானோரின் உடல் அதை ஓரிரு ஆண்டுகளில் தானே அடக்கிவிடும். அடங்காமல் தங்கினால், கலங்கள் மாறிப் புற்றுநோயாவதற்கு 15 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். மணமான புதிதில் தொற்றியது, கணவரின் திவசங்கள் பல கழிந்த பிறகும் தலைகாட்டலாம். மாதவிடாய் நின்றுவிட்டது, கருத்தடை செய்தாயிற்று என்பவையும் இதே வகைச் சமாதானங்கள்தான்.

இந்த ஆண்டுக்கணக்கு தெரியாததால்தான் வைரஸ் இருப்பது தெரிந்ததும் பெண்ணின் நடத்தையை ஆராயத் தொடங்குகிறார்கள். ஒருவரோடு மட்டுமே வாழ்ந்தவளுக்கும் இது வரும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது, ஊர்வாய்தான் சொல்லும்.

அடுத்தது, கிளினிக்கில் செய்யும் பாப் பரிசோதனை செய்தால் எல்லாப் பாலியல் நோயும் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. அது பார்ப்பது கருப்பைக் கழுத்தின் கலமாற்றத்தை. கிளமிடியா என்ற பாலியல் நோய் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். நாற்றத்துடனோ நிறம் மாறியோ வெள்ளைபட்டால் "சூடு" என்று இளநீரோடு நிறுத்துவதும், பாமசியில் கேட்டுக் குளிசை வாங்குவதும் வீண். பாலியல் நோய்க்கு மனைவி மட்டும் மருந்தெடுத்துக் கணவர் ஒதுங்கிக்கொண்டால், குணமான நோய் திரும்பி வரலாம். அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். விவரம் வெளியே போகாது.

உடலுறவுக்குப் பின்போ மாதவிடாய் நின்ற பின்போ இரத்தம் பட்டால் கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். உடனே வைத்தியரிடம் போங்கள். முன்பு எடுத்த பாப் முடிவு நல்லதாக இருந்திருந்தாலும் போங்கள்.

"சின்னப் பிள்ளைக்கு எதற்கு இந்த ஊசி" என்று தடுப்பதும் தவறு. இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பாடசாலையில் போடப்படும் பப்பிலோமா வைரஸ் தடுப்பூசி, வைரஸ் தொற்றுமுன் போட்டால்தான் நன்றாகக் காக்கும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் சுமார் 70 வீதத்துக்குக் காரணமான, இந்த வைரஸின் 16, 18 ஆம் வகைகளை அது தடுக்கிறது. மிச்ச வகைகளும் இருப்பதால், ஊசி போட்டவளும் பின்னாளில் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாட்களில் உடலுறவும், உள்ளே வைக்கும் மருந்தும், உட்புறம் கழுவுவதும் வேண்டாம். மாதவிடாய் நாட்களையும் தவிருங்கள். அறுவடைக் காலம், பஸ் இல்லை என்று பரிசோதனை முடிவைப் போய் எடுக்காமல் விடுபவர்களும் உண்டு. கடிதம் வராததை "ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொள்ளாமல், அடுத்த முறை குடும்பநல உத்தியோகத்தர் படலைக்கு வரும்போது நீங்களே கேளுங்கள்.