முடிதிருத்தும் தொழிலுக்கு வர விரும்புவோருக்கு: பயிற்சி முதல் கடை உரிமம் வரை

முடிதிருத்தும் தொழிலைக் கற்க விரும்பி என்னிடம் வரும் இளைஞர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "இதற்கு லைசென்ஸ் எங்கே வாங்க வேண்டும்?" என்பதுதான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அழகுக்கலைஞராகப் பணியாற்ற 1,000 மணி நேரம் பயின்று, எழுத்துத் தேர்வில் தேறி, தம் பெயரில் உரிமம் பெற வேண்டும். தமிழ்நாட்டில் தனிநபருக்கு அப்படி ஓர் உரிமம் கிடையாது. இங்கே சான்றிதழ் ஆளுக்கு உரியது, உரிமம் கடைக்கு உரியது. இந்த வேறுபாடு தெரியாமல், பதினைந்து நாள் வகுப்பில் கொடுத்த தாளைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, அதையே உரிமம் என்று நம்பிக் கடை திறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நம்மைச் சோதித்துப் பார்க்க யாரும் வரப்போவதில்லை என்பதால், கத்தரியைப் பிடிக்கும் முன் நாமே நம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

படி 1: பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுத்தல்

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்று, ஓராண்டை ஒதுக்க முடிந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தைத்தான். அங்குள்ள காஸ்மெட்டாலஜி எனும் அழகுக்கலைப் பிரிவு ஓராண்டுப் படிப்பு. இறுதியில் அகில இந்தியத் தொழிற்தேர்வு நடைபெறும், அதில் தேறியவர்களுக்கு நாடு முழுவதும் செல்லுபடியாகும் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். எல்லா ஐ.டி.ஐ.களிலும் இப்பிரிவு இல்லை என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சருமப் பராமரிப்பு, ஒப்பனை ஆகியவற்றுடன் சேர்த்தே முடியலங்காரமும் அங்கு கற்பிக்கப்படுகிறது.

தனியார் அகாடமியில் சேர்வதாக இருந்தால், பணம் கட்டும் முன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: டம்மி தலையில் மட்டும்தான் பழக விடுவார்களா, உண்மையான வாடிக்கையாளரின் தலையிலும் வெட்ட விடுவார்களா? சான்றிதழில் அகாடமியின் முத்திரை மட்டும் இருக்குமா, அழகு மற்றும் நலத்துறைக்கான திறன் குழுமத்தின் மதிப்பீடும் இருக்குமா?

அப்பாவின் கடையிலோ மாமாவின் கடையிலோ சிறு வயது முதல் பழகியவர்கள் மீண்டும் அடிப்படை வகுப்பில் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை. முன்கற்றல் அங்கீகாரம் என்ற முறையில், ஏற்கெனவே உள்ள திறமையை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். பரம்பரையாக இத்தொழிலைக் காத்துவந்தவர்களின் கைத்திறனுக்குக் காகிதத்திலும் மதிப்புக் கிடைக்க இது வழி என்பதால் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

படி 2: கையைப் பழக்குதல்

முதல் வாரம் முடியைத் தொடவே வேண்டாம். கட்டைவிரலை ஒரு வளையத்திலும் மோதிரவிரலை மற்றொன்றிலும் நுழைத்துக்கொண்டு, மோதிரவிரல் பக்கத்து அலகு அசையாமல் நிற்க, கட்டைவிரல் பக்கத்து அலகு மட்டும் திறந்து மூடும்படி தினமும் பத்து நிமிடம் பழகுங்கள். இரண்டு அலகும் ஆடினால் வெட்டுக்கோடு படிக்கட்டாகிவிடும்.

அடுத்து, முடியைப் பகுதி பிரித்தலும் தூக்கும் கோணமும். முடியைத் தூக்காமல், விழுகிற திசையிலேயே சீவிப் பிடித்து வெட்டினால் நுனி முழுவதும் ஒரே கோட்டில் கனமாக நிற்கும். தலையிலிருந்து 90 பாகைக்குத் தூக்கி வெட்டினால் அடுக்கடுக்காகக் கனம் குறையும். பெரும்பாலான வெட்டுகள் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டவையே.

ஈரமுடி நீண்டு தெரியும், காய்ந்ததும் சுருங்கும், சுருள்முடி இன்னும் அதிகமாகச் சுருங்கும். தொடக்க காலத்தில் ஒரு சிறுமியின் சுருள்முடியை ஈரத்தில் தோளளவுக்கு வெட்டினேன். காய்ந்தபோது அது காது மடலருகே ஏறி நின்றது. அவள் ஒன்றும் சொல்லாமல் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். அன்று முதல் சுருள்முடியில் ஓர் அங்குலம் கூடுதலாகவே விட்டு, காய்ந்த பிறகு சரிசெய்கிறேன். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் முடி வளரும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கத்தரியை எடுங்கள்.

படி 3: தூய்மை

சவரக் கத்தி வழியாக ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் பரவக்கூடும் என்பதால், ஒவ்வொருவருக்கும் அவர் கண்முன்னே புதிய பிளேடை உறை பிரித்து மாட்டுங்கள். சீப்பையும் கத்தரியையும் சோப்பு நீரில் கழுவி முடித்துகள் போன பிறகே கிருமிநாசினியில் இட வேண்டும், ஏனெனில் அழுக்கின் மேல் ஊற்றும் மருந்து வேலை செய்வதில்லை. டிரிம்மரின் பல்லைச் சுத்தம் செய்யாவிட்டால் படர்தாமரை ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்குப் போய்விடும். நீங்களும் ஆறு மாதங்களில் மூன்று தவணையாகப் போடப்படும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹேர் டையில் உள்ள பாரா ஃபீனைலின் டையமின் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். சாயத்தைச் சிறிதளவு காதின் பின்புறம் தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே தலையில் பூச வேண்டும். "நாளைக்குக் கல்யாணம், இன்றே போடுங்கள்" என்று வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

படி 4: உதவியாளராகச் சேர்தல்

சான்றிதழ் கிடைத்த மறுநாளே கடை போடாதீர்கள். கூட்டம் மிகுந்த ஒரு சலூனில் ஓராண்டாவது உதவியாளராக இருங்கள். தலை கழுவிவிடும்போதே மண்டையின் மேடு பள்ளமும் சுழியின் திசையும் விரலுக்குப் பிடிபட்டுவிடும்.

படி 5: உரிமமும் பதிவுகளும்

கடை அமையும் மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சியில் தொழில் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் கட்டடத்தின் சொத்து வரி ரசீதையும் தயாராக வைத்திருங்கள். உரிமத்தைக் காலம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், வங்கிக் கடன் கேட்கும்போது கைகொடுக்கும். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படும். சலூன் சேவைக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது.

உரிமத்தில் எழுதப்படாத, ஆனால் சட்டத்தில் இருக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தீண்டாமையின் பேரில் ஒருவருக்கு முடிவெட்ட மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். ஊரில் யார் என்ன சொன்னாலும், உங்கள் நாற்காலி வருகிற எல்லோருக்கும் உரியது.

கடைசியாக, 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள் தமிழ்நாடு முடிதிருத்துவோர் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் கல்விக்கும், விபத்துக்கும், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியத்துக்கும் அங்கே உதவி உண்டு. கடை திறக்கும் வரை காத்திருக்காமல், உதவியாளராக இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.