தண்ணிக்குள் ஏறும் போதை: காற்றை நம்பி ஆழம் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மட்டக்களப்புக்கு அப்பால், கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிடக்கிறது. விமானம்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். இன்று உலகின் பல மூலைகளிலிருந்தும் டைவர்கள் அதைப் பார்க்கவென்றே வருகிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், நல்ல நாளில் கண்ணாடி மாதிரித் தெளிவு. சிக்கல் ஒன்றுதான். அடிமணல் 53 மீட்டரில் இருக்கிறது. முதுகில் காற்று சிலிண்டரோடு இறங்கும் பொழுதுபோக்கு ஸ்கூபாவுக்குப் பெரும்பாலான பயிற்சி நிறுவனங்கள் வைத்திருக்கும் உச்சவரம்பு 40 மீட்டர். கப்பலின் உயரமான பகுதிகூட அந்த வரம்பைத் தாண்டித்தான் ஆரம்பிக்கிறது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லி வளர்த்தார்கள். ஸ்கூபாவில் ஆழம் தெரிந்தேதான் விடுகிறோம். கையில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டர் மீட்டர் கணக்கில் காட்டிக்கொண்டே இருக்கிறது. அதைப் படிக்கும் மூளைதான் அங்கே சரியாக இருப்பதில்லை.

சிலிண்டரில் அடைத்திருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான்; சுமார் 79 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். தரையில் காற்றழுத்தம் சுமார் ஒரு பார்; தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னும் ஒரு பார் கூடும். 30 மீட்டரில் மொத்தம் 4 பார், ஹெர்மீஸின் அடியில் 6.3 பார். தரையில் ஒரு வேலையும் செய்யாமல் நுரையீரலுக்குப் போய்வந்து கொண்டிருந்த நைட்ரஜன், இந்த அழுத்தத்தில் மயக்கமருந்து மாதிரி நடந்துகொள்ளும். இதுதான் நைட்ரஜன் நார்கோசிஸ். தண்ணி அடிக்காமலே தண்ணிக்குள் போதை. ஆழத்துக்குப் போனவர்கள் தடுமாறுவதை முன்பே பலர் கவனித்திருந்தார்கள். காரணம் நைட்ரஜன் என்று 1935இல் சொன்னவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்கே. நான்கே ஆண்டுகளில் ஸ்குவாலஸ் என்ற நீர்மூழ்கி 74 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. காற்றோடு இறங்கியவர்களுக்குத் தலை கிறுகிறுத்தது. அந்தக் கப்பலைத் தூக்கும் வேலைக்கு நைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம் கலந்த வாயுவைக் கொடுத்துத்தான் டைவர்களை இறக்கினார்கள்.

“எனக்கெல்லாம் ஏறாது”

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். இதைச் சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே ஏறியது தெரிந்திருக்காது. கல்யாண வீட்டுக் கொல்லைப்புறத்தில் “நான் நிதானமாத்தான் இருக்கேன்” என்று சொல்லும் மாமாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் கதையையே சொல்கிறேன். அந்தமானில் ஆழ டைவ் பயிற்சி. படகில் பயிற்சியாளர் ஒரு பிளாஸ்டிக் பலகையைக் கொடுத்தார். 1 முதல் 25 வரை எண்கள் தாறுமாறாக இறைந்து கிடந்தன. வரிசையாக விரலால் தொட வேண்டும், அவர் நேரம் பார்ப்பார். படகில் முடித்தேன், சுலபம். பிறகு 33 மீட்டரில் மணலில் மண்டியிட்டு அதே மாதிரி இன்னொரு பலகை. மேலே செய்ததைவிட வேகமாக முடித்ததாகத் தோன்றியது. பெருமையாக ஓகே காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு எண்ணை விரலால் தட்டிக் காட்டினார். 14. நான் அதைத் தொடவே இல்லை. அதைவிட வேடிக்கை, 19ஐ இரண்டு முறை தொட்டிருக்கிறேன். படகுக்கு வந்தபின் அவர் சொன்ன நேரம் மேலே எடுத்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மயக்கமா, சிரிப்பா, பயமா, ஒன்றும் இருக்கவில்லை. நூறு சதவீதம் தெளிவாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடிக்கடி ஆழம் போனால் பழகிவிடும் என்பது இதே தவறின் இன்னொரு முகம். பழகுவது உண்டு. ஆனால் பெரும்பாலும் பழகுவது அந்த உணர்வுதான். தலை லேசாவது, பதற்றம், காதில் ரீங்காரம் போன்ற எச்சரிக்கைகள் குறைந்து தெரியும். கணக்குப் போடும் வேகமும் முடிவெடுக்கும் திறமையும் அந்த அளவுக்குத் திரும்பி வருவதில்லை. அனுபவசாலியிடம் மணி அடிப்பது நின்றுவிடுகிறது, தீ அப்படியேதான் இருக்கிறது.

30 மீட்டரை மந்திரக்கோடாக நினைப்பது

30 மீட்டரில் ஒரு கதவு திறந்து போதை உள்ளே வருவதில்லை. பெரும்பாலோருக்கு அந்த ஆழத்துக்கு அருகே உணரும்படி வருகிறது, அவ்வளவுதான். இறங்க இறங்க ஏறும், மேலே வந்தால் சில மீட்டரிலேயே இறங்கும். அங்கே எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதைப் பொறுத்தது இல்லை இது. அது டிகம்ப்ரஷன் கணக்கு, அதாவது உடம்பில் கரைந்த நைட்ரஜன் பத்திரமாக வெளியேறும்படி மேலே வருவதற்கான கணக்கு; வேறு சமாச்சாரம். இரண்டையும் குழப்பிக்கொண்டு “சும்மா ரெண்டு நிமிஷம் கீழே எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன், அதற்குள் என்ன ஏறிவிடும்” என்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நிமிடம் தாராளமாகப் போதும்.

‘மார்ட்டினி விதி’ என்று ஒன்றைச் சொல்வார்கள். ஆழம் ஒவ்வொரு 10 மீட்டர் கூடும்போதும் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் மார்ட்டினி குடித்த மாதிரி என்று. ஞாபகம் வைத்துக்கொள்ள நல்லது, அளவுகோலாக வைத்துக்கொள்ள ஆகாது. ஒரே ஆள், ஒரே ஆழம், திங்கட்கிழமை ஒன்றுமில்லை, செவ்வாய்க்கிழமை தலை சுற்றும். முந்தைய இரவுத் தூக்கம், குளிர், கலங்கல் தண்ணீர், பயம், வேகமாக இறங்குவது எல்லாம் கூட்டிவிடும். மாத்திரையும்தான். படகில் வாந்தி வராமலிருக்கப் போடும் அவோமின் தூக்கம் வரவைக்கும் மருந்து. பஸ்ஸில் மலையேறும்போது நம்மைத் தூங்கவைப்பது அதுதான். அதைப் போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போவது பற்றி டைவிங் தெரிந்த மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

மூச்சை மிச்சம் பிடிப்பது

இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். ஆழத்தில் காற்று கெட்டியாகிறது. தரையில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.3 கிராம். 30 மீட்டரில் 5 கிராமைத் தாண்டிவிடும், 53 மீட்டரில் 8 கிராம். கெட்டியான காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ள நுரையீரல் படாத பாடு படும். சுவாசிக்கும் வாயு லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருந்தால் நல்லது, 6.2 கிராமைத் தாண்டவே கூடாது என்பதுதான் இப்போது டைவிங் மருத்துவத்தில் சொல்லப்படும் அளவு. காற்றுக்கு அந்த இரண்டாவது எல்லை 40 மீட்டருக்கு முன்பே வந்துவிடுகிறது.

தாண்டினால் என்ன? கரியமில வாயு சரியாக வெளியே போகாமல் உடம்பில் தங்கும். அதுவும் மயக்கும், நைட்ரஜனைவிட மோசமாகவே. கூடவே மூச்சுமுட்டலும் பீதியும் வரும். இந்த நிலையில் நீரோட்டத்தை எதிர்த்துக் காலடித்து நீந்துகிறவரும், சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அடக்கிப் பிடிக்கிறவரும் தாங்களே போதையை ஏற்றிக்கொள்கிறார்கள். ஆழத்தில் நிதானமாக, முழுதாக, நன்றாக வெளியேற்றி மூச்சு விட வேண்டும். மூச்சு வாங்க ஆரம்பித்தால் செய்கிற வேலையை நிறுத்த வேண்டும். போட்டோ அப்புறம் எடுக்கலாம்.

“50 பாரோடு மேலே வந்தால் போதும்”

சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றின் அழுத்தம்தான் அந்த 50 பார். ஆழமில்லாத பவளப்பாறையில் சரி. 40 மீட்டரில் உங்கள் பட்டிக்கு, அதாவது கூட இறங்கும் ஜோடிக்கு, வாயில் வைத்து மூச்சு விடும் ரெகுலேட்டர் மக்கர் செய்து, உங்கள் சிலிண்டரிலிருந்தே இரண்டு பேரும் சுவாசித்து மேலே வர வேண்டும் என்று வையுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இரண்டு பேருக்கு 60. கீழே விஷயம் புரிந்து கிளம்ப ஒரு நிமிடம்; அங்கே அழுத்தம் 5 பார், ஆக 300 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற நாலரை நிமிடம், சராசரி அழுத்தம் 3 பார், 810 லிட்டர். ஏறும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றால் 270. கூட்டினால் 1380 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் அது 115 பார். 200 பாரோடு இறங்கினால், பாதிக்கு மேல் உங்களுடையதே இல்லை.

இந்தக் கணக்கைக் கரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே போட்டேன், அப்படியும் ஒருமுறை அழித்து எழுதினேன். 40 மீட்டரில் போட முடியுமா? 14ஐத் தொடாத ஆளுக்கு அந்த நம்பிக்கை இல்லை. எந்த எண் வந்தால் திரும்புவது என்பதைப் படகிலேயே முடிவு செய்து, பலகையில் எழுதி, பட்டிக்கும் காட்டிவிட வேண்டும். கீழே செய்ய வேண்டியது ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும்.

டிகம்ப்ரஷன் நேரமும் இதே கதைதான். அதிகம் புழங்கும் ஒரு பயிற்சி அட்டவணையில் 18 மீட்டருக்கு 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20, 40 மீட்டருக்கு வெறும் 9. நின்று நின்று ஏற வேண்டிய கட்டாயம் இல்லாமல் திரும்பக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். கேமரா ஃபோகஸ் சரிசெய்வதற்குள் 9 நிமிடம் ஓடிவிடும்.

நைட்ராக்ஸ் போட்டால் போதை வராது என்பது

வரும். நைட்ராக்ஸில் ஆக்சிஜன் கூட, நைட்ரஜன் குறைவு, அதனால் போதையும் குறையும் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் ஆக்சிஜனும் கொழுப்பில் நன்றாகக் கரையும் வாயு. நைட்ரஜன் அளவுக்கே அதுவும் மயக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடச் சொல்கிறார்கள். நைட்ராக்ஸின் லாபம் டிகம்ப்ரஷன் நேரத்தில்தான். அதற்கு விலையும் உண்டு. 32 சதவீத ஆக்சிஜன் கலவையோடு 33 மீட்டரைவிட ஆழத்துக்குப் போகக் கூடாது. போனால் ஆக்சிஜனே விஷமாகும்.

காற்றுக்கும் இந்த எல்லை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு, 1.4 பாருக்குள் இருக்க வேண்டும் என்பது டைவின்போது கடைப்பிடிக்கும் பொது விதி. காற்றில் அது 56 மீட்டர் வாக்கில் வருகிறது. 66 மீட்டரில் 1.6. அதற்குப் பிறகு முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரலாம், வலிப்பு வந்தவர் வாயில் ரெகுலேட்டர் நிற்காது. எகிப்தில் தஹாப் ஊரின் புளூ ஹோல் என்ற கடல் குழி இதற்குப் பெயர்போன இடம். அங்கே திறந்த கடலுக்குப் போகும் பாறை வளைவின் மேல்விளிம்பே 55 மீட்டர் வாக்கில்தான் இருக்கிறது. மறுபக்கத்திலிருந்து வெளிச்சம் வருவதால் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். அங்கே இறந்தவர்களின் பெயர்க் கற்கள் கரைப் பாறையில் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் பலர் ஒரே ஒரு காற்று சிலிண்டரோடு போனவர்கள்.

ஆழத்தைச் சாதனையாக நினைப்பதன் கதை ஸ்கூபா கருவியின் அளவுக்கே பழசு. 1947இல், ஸ்கூபா கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரெஞ்சுக்காரர் ஜாக் குஸ்தோவின் குழுவைச் சேர்ந்த மோரிஸ் ஃபார்க், காற்றோடு எவ்வளவு ஆழம் போகலாம் என்று பார்க்க இறங்கினார். கயிற்றில் வரிசையாகப் பலகைகள் கட்டியிருந்தார்கள், போய்ச் சேர்ந்த ஆழத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 120 மீட்டர்ப் பலகையில் அவர் கையெழுத்து இருந்தது. அவரை மேலே இழுத்தபோது உயிர் இல்லை.

சான்றிதழில் உள்ள எண்ணை இலக்காக எடுத்துக்கொள்வது

அடிப்படைச் சான்றிதழுக்கு 18 மீட்டர், அடுத்ததற்கு 30, ஆழ டைவ் பயிற்சிக்கு 40. பிரிட்டிஷ் டைவிங் சங்கம் காற்றுக்கு 50 வரை விடுகிறது, பிரெஞ்சுச் சட்டம் 60 வரை. இப்படி ஆளுக்கொரு எண் இருப்பதைக் காட்டி “பார், எல்லாம் சும்மா எழுதி வைத்தது” என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த 50ம் 60ம் தனிப்பயிற்சியும் கூடுதல் கருவிகளும் சேர்ந்த எண்கள். விடுமுறைக்கு வந்து வாடகை பி.சி.டி. (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) மாட்டியவருக்கு இல்லை. என் கருத்தைக் கேட்டால், காற்றோடு 30 போதும். 40 எப்போதாவது, காரணத்தோடு. ஹெர்மீஸைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஹீலியம் கலந்த ட்ரைமிக்ஸ் பயிற்சி எடுத்துவிட்டுப் போகலாம். செலவு அதிகம்தான். கப்பல் எண்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறது, எங்கும் போகாது.

ஒரு விஷயத்தை மட்டும் எந்த ஆழத்துக்குப் போனாலும் படகிலேயே பேசிக்கொள்ளுங்கள். நார்கோசிஸ் வந்தால் காட்டும் சைகை, நெற்றிப்பொட்டுப் பக்கம் விரலைச் சுற்றுவது. அதை யார் யாரிடம் காட்டினாலும், அது காட்டியவரைப் பற்றியா பார்த்தவரைப் பற்றியா என்று கீழே விவாதம் வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து மெதுவாக ஐந்து மீட்டர் மேலே. தெளிந்ததா என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம்.